7. புது டயர் போட்டதும் மைலேஜ் ஏன் குறைகிறது?

நாமக்கல், சங்ககிரி பக்கம் எந்தப் பட்டறையில் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும். "டயர் மாத்துனதுல இருந்து வண்டி மைலேஜே குடுக்க மாட்டேங்குதுங்க" என்பார் டிரைவர். "புது டயரு போட்டா இன்னும் நல்லாத்தானப்பா ஓடோணும்?" என்பார் முதலாளி. அதன்பிறகு சந்தேகம் டீசல் டேங்க் பக்கம் திரும்பும், அல்லது பம்ப் காலிபரேஷன் பக்கம். இரண்டிலும் பழுதில்லை என்று தெரியும்போது பழி டயர் கம்பெனி மேல் விழும்.

டிரைவர் சொல்வது உண்மைதான். ஆனால் அவர் பார்க்கும் குறைவில் ஒரு பாதி நிஜம், மறுபாதி மீட்டரின் வேலை. இந்த இரண்டையும் பிரிக்கத் தெரியாமல் டயர் சைஸைப் பற்றியும் பட்டனை, அதாவது தரையைத் தொடும் ரப்பர் பாகத்தைப் பற்றியும் முடிவெடுத்தால் பணம்தான் போகும்.

எவ்வளவு பணம் என்பதை முதலில் பார்த்துவிடலாம். மாதம் 10,000 கிலோமீட்டர் ஓடும் பத்துச் சக்கர லாரி, லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுத்தால் மாதம் 2,500 லிட்டர் டீசல். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் ஒரே ஒரு சதவீத வித்தியாசம் மாதத்துக்கு 25 லிட்டர், 2,300 ரூபாய். வருடத்துக்கு 27,600. ஒரு புது ரேடியல் டயரே வாங்கிவிடலாம்.

மீட்டர் எதை எண்ணுகிறது?

பெரும்பாலான லாரிகளில் கிலோமீட்டருக்கான சென்சார் கியர்பாக்ஸின் பின்புறம் இருக்கிறது. அதற்குச் சாலை தெரியாது. புரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றியது என்பது மட்டுமே தெரியும். ஆகவே மீட்டரை ஏமாற்றக்கூடியவை ஹவுசிங் டயர்கள், அதாவது இன்ஜின் சுழற்றும் ஆக்சிலில் இருக்கும் டயர்கள் மட்டும்தான். முன் டயரில் என்ன போட்டாலும் மீட்டர் அசையாது.

ஹவுசிங்கில் 20 மில்லிமீட்டர் பட்டனோடு போட்ட லக் டயர், தேய்ந்து 5 மில்லிமீட்டரில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரு பக்கமும் 15 மி.மீ. போக, 1,060 மி.மீ. விட்டமாக இருந்த டயர் 1,030-க்கு வந்திருக்கும். கிட்டத்தட்ட 2.8 சதவீதம். சக்கரம் சிறுத்ததால் அதே தூரத்துக்கு அதிகம் சுற்றுகிறது. வண்டி உண்மையில் 1,000 கிலோமீட்டர் போனால் மீட்டர் 1,029 காட்டும்.

அந்தப் பயணத்துக்கு 250 லிட்டர் பிடித்திருந்தால் நிஜ மைலேஜ் 4.00. நோட்டில் ஏறுவது 4.12. இப்போது புது டயர் ஏறுகிறது. மீட்டர் சரியாக 1,000 காட்டுகிறது. புது பட்டன் கனமாக இருப்பதால் டீசல் நிஜமாகவே சற்றுக் கூடி 258 லிட்டர் ஆகிறது. மைலேஜ் 3.88. நோட்டைப் பார்க்கும் முதலாளிக்கு 4.12-லிருந்து 3.88, கிட்டத்தட்ட ஆறு சதவீதம் விழுந்துவிட்டது. உண்மையில் விழுந்தது மூன்று.

இதே கணக்கு எதிர்ப்பக்கமும் வேலை செய்யும். சின்ன சைஸ் டயர் போட்டவர் "மைலேஜ் ஏறிடுச்சு" என்று ஊரெல்லாம் சொல்லுவார். பெரிய சைஸுக்கு மாறியவர் நஷ்டம் என்பார். இருவரும் டாஷ்போர்டை நம்பியவர்கள். டயர் பற்றி யார் என்ன மைலேஜ் கணக்குச் சொன்னாலும், கிலோமீட்டரை எதில் அளந்தார் என்று முதலில் கேளுங்கள். ஜி.பி.எஸ். என்றால் மேற்கொண்டு பேசலாம்.

டீசல் டயரில் எப்படிக் கரைகிறது?

டயர் தரையைத் தொடும் இடத்தில் தட்டையாகிறது, தரையை விட்டதும் மறுபடி வட்டமாகிறது. கிலோமீட்டருக்கு முந்நூற்றுச் சொச்சம் தடவை இப்படி நசுங்கி விரிகிறது. ஒரு கட்டுக்கம்பியை முன்னும் பின்னும் வளைத்துப் பாருங்கள், வளைத்த இடம் சுடும். ரப்பரிலும் அதுதான் நடக்கிறது. லோடு வண்டி நின்றதும் டயரில் கை வைத்தால் தெரியும் சூடு, நீங்கள் பங்கில் காசு கொடுத்து வாங்கிய டீசல். இந்த நஷ்டத்தை உருள் தடை என்போம்.

நல்ல ரேடியலில் சமதளத்தில் ஒரு டன்னை உருட்ட ஏறக்குறைய 7 கிலோ தள்ளுவிசை வேண்டும். 28 டன் லாரிக்கு 200 கிலோவை ஒட்டி. அதே வண்டி தார்ப்பாய் கட்டிக்கொண்டு 50 கி.மீ. வேகத்தில் போகும்போது எதிர்க்காற்று தடுப்பது சுமார் 85 கிலோ. 80 கி.மீ. வேகத்தில் அது 215-ஐத் தொடும், ஏனென்றால் வேகம் கூடக்கூடக் காற்றின் தடை அதன் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். உருள் தடை அப்படி ஏறாது. எனவே நம் சாலைகளில் ஐம்பது, அறுபதில் போகும் லோடு வண்டிக்கு முதல் எதிரி டயர்தான். அமெரிக்காவில் கேபினுக்கு மேல் காற்றுத் தடுப்பு வைக்க அலைவது அவர்களுடைய வேகத்துக்குச் சரி.

50 கி.மீ. வேகத்தில் மொத்தத் தடையில் டயரின் பங்கு பத்தில் ஏழு. அப்படியானால் உருள் தடையை 10 சதவீதம் குறைத்தால் டீசலும் 7 சதவீதம் குறையுமா என்றால், இல்லை. தொப்பூர் கணவாய் ஏற்றம், டோல்கேட்டில் நின்று புறப்படுவது, இன்ஜினுக்குள்ளேயே போகும் உராய்வு என்று டீசலுக்கு வேறு செலவுகளும் இருக்கின்றன. நெடுஞ்சாலை ஓட்டத்தில் 10 சதவீத உருள் தடைக்கு ஏறக்குறைய 3 சதவீத டீசல் என்பதே நடைமுறைக் கணக்கு. இந்த விகிதத்தை மனதில் வைத்துக்கொண்டால் டயர் விற்பவர் சொல்லும் எண்களை நீங்களே எடைபோடலாம். டயர் மாற்றினால் மட்டும் 15 சதவீதம் மிச்சம் என்று ஒருவர் சொன்னால், உருள் தடை பாதியாகக் குறைந்திருக்க வேண்டும். அப்படி ஒரு டயர் கிடையாது.

நைலானிலிருந்து ரேடியலுக்கு மாறுவதுதான் ஒரே அடியில் கிடைக்கும் பெரிய லாபம். நைலானில் துணி அடுக்குகள் குறுக்குமறுக்காகப் போவதால் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருக்கும். ரேடியலில் பக்கச் சுவர் தனியாக வளையும், தரையைத் தொடும் பாகத்தை ஸ்டீல் பெல்ட் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஓவர்லோடும் மேடுபள்ளமும் உள்ள ஓட்டத்தில் நைலான் தாக்குப்பிடிக்கும் என்று இன்றும் சிலர் விடாமல் வைத்திருக்கிறார்கள். கல் குவாரி வண்டிக்கு அதை ஒப்புக்கொள்ளலாம். நாமக்கல்லிலிருந்து மும்பைக்கோ டெல்லிக்கோ தார்ச்சாலையிலேயே போய்வரும் வண்டிக்கு ஒப்புக்கொள்ள முடியாது.

பட்டன்

ஒரு டயரின் உருள் தடையில் பெரிய பங்கு தரையைத் தொடும் பட்டன் பாகத்திலிருந்தே வருகிறது. ரப்பர் எவ்வளவு ஆழமோ, எவ்வளவு துண்டுதுண்டாக இருக்கிறதோ அவ்வளவு நெளியும்.

ரிப் டயரில் கோடுகள் நீளவாக்கில் ஓடும். ரப்பர் ஒரே பட்டையாக இருப்பதால் நெளிவு குறைவு. லக் டயரில் கட்டிகட்டியாக, குறுக்கே வெட்டியிருக்கும். ஒவ்வொரு கட்டியும் தரையைத் தொடும்போது சாய்ந்து, விடும்போது நிமிரும். மண்ணில் பிடிப்பதும் அதனால்தான், டீசல் குடிப்பதும் அதனால்தான். செமி லக் இரண்டுக்கும் நடுவில்.

முன்னால் ரிப், ஹவுசிங்கில் லக் என்பது நம் ஊர் வழக்கம், அதில் தவறில்லை. ஆனால் டம்மி ஆக்சிலிலும் லிஃப்ட் ஆக்சிலிலும் டிரெய்லரிலும் லக் போட்டு ஓட்டுகிறார்களே, அது வீண். அந்தச் சக்கரங்கள் வண்டியை இழுக்கவே இல்லை. இழுக்கப்படும் சக்கரத்துக்கு மண்ணைப் பிடிக்கும் கட்டி எதற்கு? ஹவுசிங்கில் தேய்ந்த டயரைக் கழற்றி டம்மிக்குத் தள்ளுவது வேறு விஷயம். அது சிக்கனம், பட்டனும் அதற்குள் குறைந்திருக்கும். காசு கொடுத்து டம்மிக்குப் புது லக் வாங்குவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

ஹவுசிங்கிலும் ரிப் போடலாமா? இங்கே கணக்குப் பார்க்காமல் பதில் சொல்ல முடியாது. எட்டு டயர்களை எடுத்துக்கொள்வோம். லக் ஒன்று 24,000 ரூபாய், ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது என்று வையுங்கள். கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 92 காசு. ரிப் ஒன்று 22,000, பட்டன் ஆழம் குறைவு என்பதால் 75,000 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 35 காசு. டயர் செலவில் ரிப் 43 காசு அதிகம். டீசல் செலவோ 4 கி.மீ. மைலேஜில் கிலோமீட்டருக்கு 23 ரூபாய். அதில் 2 சதவீதம் மிச்சமானால் 46 காசு. ஆக, மூன்று காசு லாபம்! 3 சதவீதம் மிச்சமானால் 26 காசு கையில் நிற்கும், ஒரு சதவீதம்தான் என்றால் 20 காசு நஷ்டம். உங்கள் ஓட்டத்தின் எண்களைப் போட்டுப் பாருங்கள். நான்குவழிச் சாலையிலேயே பெரும்பாலும் ஓடும் வண்டிக்கு ரிப் பக்கம் தராசு சாயும். லோடு ஏற்றுமிடமும் இறக்குமிடமும் களிமண் என்றால் வருடத்தில் ஒருமுறை கிரேன் கூப்பிட்டாலே இந்தக் காசுகளெல்லாம் போய்விடும். டிப்பர், குவாரி வண்டிகளுக்கு இந்தப் பேச்சே வேண்டாம், லக்தான்.

பட்டன் தேயத் தேய உருள் தடை குறைகிறது. முடியும் தறுவாயில் புது டயரைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்திருக்கும். அதாவது டீசலுக்கு மிக நல்ல டயர், கிட்டத்தட்ட மொட்டை டயர். ஐப்பசி மழையில் நனைந்த சாலையில் பிரேக் பிடிக்க மிக மோசமான டயரும் அதுவே. மத்திய மோட்டார் வாகன விதிகள் லாரிக்கு வைத்திருக்கும் குறைந்தபட்ச ஆழம் 1.6 மி.மீ. அது சட்டத்தின் எல்லை. முன் டயரை 3, 4 மி.மீ. இருக்கும்போதே இறக்கிவிடுங்கள். ஸ்டீல் பெல்ட் அடிபடாத டயருக்கு ரீட்ரெட் கடையில் மரியாதை உண்டு. ஆழம் பார்க்க நூறு இருநூறு ரூபாயில் கேஜ் கிடைக்கிறது. நடுக்கோட்டில் மட்டும் பார்க்காமல் உள்ஓரம், நடு, வெளிஓரம் மூன்றிலும் பாருங்கள்.

ரீட்ரெட் செய்யும்போது பட்டனைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மறுபடி உங்கள் கைக்கு வருகிறது. பலர் அதைக் கடைக்காரரிடம் விட்டுவிடுகிறார்கள். அவர் கையிருப்பில் உள்ள பட்டையை ஒட்டித் தருவார், அது பெரும்பாலும் ஆழமான லக்காக இருக்கும். டம்மிக்குப் போகிற டயர் என்று சொல்லி ஆழம் குறைந்த ரிப் பட்டையைக் கேட்டு வாங்குங்கள்.

புது டயர் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. உருள் தடை, ஈரத் தரைப் பிடிப்பு, சத்தம் ஆகிய மூன்றுக்கும் நம் நாட்டிலும் இப்போது ஏ.ஐ.எஸ். 142 என்ற அளவுகோல் இருக்கிறது. 2022 அக்டோபரிலிருந்து புது வடிவ டயர்களுக்கு அதைக் கட்டாயமாக்கத் தொடங்கினார்கள். ஃபிரிட்ஜில் நட்சத்திரம் ஒட்டும் அதே பி.இ.இ. அமைப்பு லாரி டயருக்கும் நட்சத்திரம் தருகிறது. ஒட்டியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால் எல்லா டயரிலும் இருக்காது. இருந்தால் கடைக்காரரின் வாய்ச்சொல்லைவிட அதை நம்பலாம்.

சைஸ்

டயர் பெரிதானால் மைலேஜ் ஏறும் என்பது பழைய நம்பிக்கை. ஓரளவுக்கு உண்மை: பெரிய வட்டம் தரையில் குறைவாக வளையும். ஆனால் நம் லாரிகளில் ஒன்றுக்கு ஒன்று மாற்றிப் போடக்கூடிய சைஸ்களின் உயர வித்தியாசம் மிகச் சிறியது. 10.00 ஆர் 20 டயரின் விட்டம் 1,050 மி.மீ. சுமார். 295/80 ஆர் 22.5 என்றால், 22.5 அங்குல டிஸ்க் 571 மி.மீ., மேலும் கீழும் 236 மி.மீ. பக்கச் சுவர், மொத்தம் 1,043. இந்த 7 மில்லிமீட்டரால் டீசலில் என்ன மாறிவிடப் போகிறது?

மாறுவது வேறொன்றால். 22.5 என்பது டியூப்லெஸ். டியூப், ஃபிளாப், ரிங் எல்லாம் போய்விடுகின்றன. எடை குறைகிறது, டியூபும் ஃபிளாப்பும் உள்ளே உரசும் சூடு இல்லை, காற்றும் மெதுவாகத்தான் இறங்கும். மிச்சமாகும் டீசல் இதிலிருந்து வருகிறது, உயரத்திலிருந்து அல்ல. ஆனால் 20 அங்குல டிஸ்க்கில் 22.5 ஏறாது. பத்துச் சக்கரத்துக்கும் ஸ்டெப்னிக்குமாகப் பதினொரு டிஸ்க் வாங்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் பழைய வண்டிக்கு இந்தச் செலவு திரும்பி வர நாளாகும். புது வண்டி எடுக்கும்போதே கேட்டு வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

சைஸ் நிஜமாகவே மாறும் இடம் 9.00-க்கும் 10.00-க்கும் இடையில். 10.00 ஆர் 20 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 311 சுற்று, 9.00 ஆர் 20 ஏறக்குறைய 322. பின் ஆக்சில் விகிதம் 5.3 என்றால், நேரடி டாப் கியரில் 60 கி.மீ. வேகத்துக்குப் பெரிய டயரில் இன்ஜின் 1,650 ஆர்.பி.எம்., சின்ன டயரில் 1,707. பச்சைப் பட்டைக்குள் ஓட்டத் தெரிந்த டிரைவருக்கு இது பெரிய வித்தியாசமே இல்லை. கணவாய் ஏற்றத்தில் பெரிய டயர் ஒரு கியர் சீக்கிரம் இறக்கச் சொல்லும். அதோடு, வண்டிக் கம்பெனி சொல்லாத சைஸைப் போட்டால் எஃப்.சி.-யிலும் இன்சூரன்ஸிலும் கேள்வி வரும்.

சைஸோடு பக்கத்தில் எழுதியிருக்கும் 146/143 போன்ற எண்ணையும் படியுங்கள். தனி டயராக 3,000 கிலோ, ஜோடியில் ஒரு டயருக்கு 2,725 கிலோ தாங்கும் என்பது அதன் பொருள். 152/148 என்றால் 3,550, 3,150. தாங்கும் எடைக்கு மேல் ஏற்றிய டயர் அதிகமாக வளையும், டீசலும் அதன் பின்னாலேயே போகும்.

சைஸ் பற்றிய மிகப் பெரிய தவறு கடையில் நடப்பதில்லை, பின் ஆக்சிலில் நடக்கிறது. பஞ்சரான உள் டயருக்குப் பதில் ஸ்டெப்னியை மாட்டுகிறோம். ஒன்று புதுசு, பக்கத்தில் இருப்பது பாதி தேய்ந்தது. பெயருக்கு இரண்டும் 10.00 ஆர் 20. விட்டத்தில் 12 மி.மீ. வித்தியாசம் என்றால் சுற்றளவில் 38 மி.மீ. இரண்டும் ஒரே ஹப்பில் கட்டுண்டு ஒன்றாகச் சுற்றியாக வேண்டும். கணக்கின்படி கிலோமீட்டருக்கு 12 மீட்டர் தூரம் ஒன்று மற்றொன்றைத் தரையில் தேய்த்து இழுத்துக்கொண்டு போகிறது. உயரமானது கூடுதல் லோடை வாங்கிச் சூடேறுகிறது, குட்டையானது ஓட்டம் ஓடாமலேயே தேய்கிறது. இந்த சைஸுக்கு 12 மி.மீ. என்பதே எல்லை, அதற்குள் இருக்க வேண்டும். பார்ப்பது எளிது. காற்றைச் சரிசெய்துவிட்டு, வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி ஜாக்கி போட்டுத் தூக்குங்கள். ஒரு நேரான அலுமினியப் பட்டையை உள் டயர், வெளி டயர் இரண்டின் மேலும் படும்படி வைத்துப் பாருங்கள். ஒரு டயருக்கும் பட்டைக்கும் நடுவே 6 மி.மீ. சந்து தெரிந்தால் விட்டத்தில் 12 வந்துவிட்டது. ஜோடி மாற்றுங்கள். வேறு வழியில்லாமல் ஓட்டியே ஆகவேண்டுமானால் உயரமானதை வெளியே போட்டு ஓட்டுங்கள்.

காற்றும் நேர்கோடும்

நல்ல சைஸையும் நல்ல பட்டனையும் காற்று ஒன்றே கெடுத்துவிடும். எல்லா டயரிலும் 10 பி.எஸ்.ஐ. குறைந்தால் ஏறக்குறைய ஒரு சதவீத டீசல் போகும். கிளீனர் ராடால் தட்டிப் பார்த்துச் சொல்லும் 'சரியா இருக்கு', பஞ்சர் இல்லை என்பதற்கு மட்டும்தான் அத்தாட்சி. 90-க்கும் 120-க்கும் வித்தியாசம் காதில் விழாது. ரேடியலில் கண்ணும் ஏமாறும், முழுக் காற்றிலும் அதற்குச் சின்ன வயிறு தள்ளியிருக்கும். கேஜ் வைத்து, காலையில் வண்டி கிளம்பும் முன் பாருங்கள். ஓடி வந்த டயரில் 10, 15 கூடுதலாகக் காட்டினால் அது சூட்டினால் வந்தது, இறக்கிவிடாதீர்கள். உள் டயரை யாரும் பார்ப்பதில்லை, ஏனென்றால் கை எட்டாது. வால்வுக்கு எக்ஸ்டென்ஷன் போட்டால் எட்டும்.

அலைன்மென்ட் கெட்டிருக்கிறதா என்று அறிய மெஷின் வேண்டாம். முன் டயரின் மேல் உள்ளங்கையை வெளியிலிருந்து உள்ளே ஒரு தடவை, உள்ளேயிருந்து வெளியே ஒரு தடவை தேய்த்துப் பாருங்கள். ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் ரம்பப் பல் போலவும் தட்டுப்பட்டால் டோ விலகியிருக்கிறது. மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் கோணல் என்றால் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் குறுக்கே இழுபடுகிறது.

காலி வண்டியில் லிஃப்ட் ஆக்சிலைத் தூக்கி ஓட்டுவதால் டீசல் மிச்சமாகும் என்கிறார்கள். சொற்பம்தான், எடை வேறு டயர்களுக்குப் போய்விடுகிறதே தவிர குறைவதில்லை. டயர் தேய்மானம் மிச்சம், அதற்காகத் தூக்குங்கள்.

டயர் மாற்றும்போது

கழற்றுவதற்கு முன்னால், வழக்கமான தடத்தில் ஒரு டிரிப்பை டேங்க் நிரப்பி, அதே பங்கில் அதே அளவுக்கு மறுபடி நிரப்பி அளந்துகொள்ளுங்கள். அந்த டிரிப்பில் இருபது முப்பது கிலோமீட்டர் நேர்ச்சாலையில் மீட்டர் காட்டுவதையும் ஜி.பி.எஸ். காட்டுவதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். ஹவுசிங் டயர்களின் பட்டன் ஆழம், காற்று, எடைமேடைச் சீட்டில் உள்ள லோடு இவையும் நோட்டில் ஏறட்டும். புது டயர் ஏறியதும் முதல் டிரிப்பை விட்டுவிடுங்கள். இரண்டாவது டிரிப்பில் இதே அளவுகளை இதே வரிசையில் எடுங்கள். லோடும் டிரைவரும் மாறாமல் இருக்க வேண்டும், மழை நாளாக இருக்கக்கூடாது. மீட்டர் கிலோமீட்டரை ஜி.பி.எஸ். விகிதத்தால் திருத்திவிட்டுப் பிறகு லிட்டரால் வகுங்கள்.